புகை தெரியாமல் சோறு காய்ச்சியவள்

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்துக் கதைத்துக்கொண்டிருக்கும்போதே, அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. மத்தியானமே துடைத்து மூடியாகிவிட்டது. நீ பிறகு, எல்லாம் ஓகேயா அம்மா என்று எழுதினாய். நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். சொல்லப் பதில் இல்லாதவர்கள்தான் கட்டைவிரல் அனுப்புவார்கள் என்று நீயே ஒருமுறை என்னைக் கேலி செய்திருக்கிறாய். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் எழுதினால் ரயிலில் நின்றபடி வாசித்துவிட்டு மறந்துவிடுவாய். தாளில் எழுதினால், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நீ படித்த தமிழுக்கு, எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க ஒரு பின்னேரம் போகும். போகட்டும். நான் சொல்ல வேண்டியதற்கும் அவ்வளவு நேரம் வேண்டும். ஏதாவது சொல் விளங்காவிட்டால் அப்பாவிடம் மட்டும் கேட்காதே. அவர் தெரியாது என்று சொல்லமாட்டார், புதிதாக ஒரு கருத்தை உண்டாக்கித் தந்துவிடுவார்.

நீ அன்றைக்குச் சொன்னது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அந்தக் கிழமை உங்கள் ஆமி முகாமில், மெஷின் அடுப்பு இல்லாமல் வெளியில் சமைக்கப் பழக்கியிருக்கிறார்கள். சோலோதுர்ன் பக்கத்து ஒரு சின்ன ஊரின் வெளியில், பனி கிடந்த வயலில் நீங்கள் கிடங்கு வெட்டி, விறகு அடுக்கி, அதன்மேல் கிடாரம் ஏற்றியிருக்கிறீர்கள். நீ மூச்சுவிடாமல் சொன்னாய்: "அம்மா, காத்தே இல்லை. புகை நேர மேல போச்சு, சேர்ச் கோபுரத்தையும் தாண்டி. என்னவோ எண்டு பாக்க ஊர்ச்சனம் எல்லாம் வந்திட்டுது. ஒரு வயசுபோன மனிசி கோப்பையோட வந்து சூப் கேட்டவ." பெற்றோர் வந்து பார்க்கிற சனிக்கிழமையும் இப்படித்தான் வெளியில் சமைக்கப்போகிறோம், வருவீங்களோ என்று கேட்டாய். நான் பாப்பம் என்றேன். எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் என்ன பொருள் என்பதை நீ பால்பல் விழமுன்பே கண்டுபிடித்துவிட்டாய். நாய் வளர்ப்பமோ என்று கேட்டாய், பாப்பம் என்றேன். இன்றுவரை எங்கள் வீட்டில் நாய் இல்லை. போனில் உன் குரல் இறங்கியதை நான் கேட்டேன். அதற்குப் பிறகுதான் இல்லாத கறி அடுப்பில் ஏறியது.

அம்மாவுக்கு என் உடுப்புப் பிடிக்கவில்லை, அதனால்தான் வரமாட்டா என்று நீ அப்பாவிடம் சொன்னாயாம். முழுப் பொய் இல்லை. நீ அழைப்புக் கடிதத்தைக் கொண்டுவந்து, நான் ஆமிக்குப் போறன் என்று சொன்ன நாளில், என் கையிலிருந்த வெங்காயத்தை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. உனக்கு ஆமி என்றால் ஒரு பச்சை உடுப்பு, ஒரு முதுகுப்பை, வெள்ளிக்கிழமை பின்னேரம் ரயில் நிலையத்தில் பீர்ப் போத்தலோடு நிற்கும் பொடியன்கள். எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. ஆமி வருது என்றால் ஓடு. ஆமி நிக்குது என்றால் அந்தப் பாதையால் போகாதே. கிளிநொச்சியில் இருக்கும் உன் சின்னம்மாவுக்குப் போன் எடுத்து, தம்பி ஆமியில் சேர்ந்திட்டான் என்று சொன்னபோது அவள் வீரிட்டு அழுதுவிட்டாள். எந்த ஆமி என்று கேட்கவே அவளுக்குத் தோன்றவில்லை. சுவிஸ் ஆமி, அது சண்டை பிடிக்கிற ஆமி இல்லை என்று விளங்கப்படுத்தியதும், சண்டை பிடிக்காவிட்டால் எதற்கு ஆமி என்று கேட்டாள். உன்னிடம் பதில் இருந்தால் அவளுக்கு எழுது.

முதல் கிழமை உன்னைச் சமையல் பகுதிக்குப் போட்டதும் நீ எவ்வளவு கோபப்பட்டாய் என்பது நினைவிருக்கிறதா? டாங்கி ஓட்டலாம் என்று போனவனிடம் அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள் என்று சினந்தாய். சமைக்கத் தெரியுமா என்று கேட்டபோது பகிடிக்கு ஓம் என்று சொன்னது வினையாகிவிட்டது என்றாய். நான் சிரித்தேன், நீ இன்னும் கோபப்பட்டாய். உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லையடா. எனக்கும் இதேதான் நடந்தது. நான் இயக்கத்துக்குப் போனபோது உன்னைவிட இளையவள். துவக்குத் தூக்க வேண்டும் என்றுதான் போனேன். பயிற்சியில் குறி பார்க்கச் சொன்னார்கள். எனக்குக் குறியும் தெரியவில்லை, குறி வைத்திருந்த மரமும் சரியாகத் தெரியவில்லை. கண்பார்வை குறைவு என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியவந்தது. கண்ணாடிக்கு வழியில்லாத காலம். பொறுப்பாக இருந்த அக்கா என் தோளைத் தட்டி, சோத்துப் பானை கிட்டத்தானே இருக்கும் என்று சொல்லி, என்னைச் சமையல்கூடத்துக்கு அனுப்பிவிட்டா. அன்று முழுக்க அழுதேன். ஊரில் அம்மாவின் அடுப்படியிலிருந்து தப்பி வந்து, காட்டில் இன்னொரு அடுப்படியில் மாட்டிக்கொண்டேனே என்று அழுதேன்.

நீ பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி ஃபோர்ட்ராக் செய்ய, வகுப்புக்கு முன்னால் நின்று பேச வேண்டிய நேரம் வந்து கேட்டாய், அம்மா நீங்கள் சுட்டனீங்களோ என்று. இல்லை, சோறு காச்சினனான் என்றேன். உன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. கடைசியில் நீ அப்பா டாவோஸ் ஹோட்டலில் கோப்பை கழுவிய கதையைத்தான் அங்கே போய்ச் சொன்னாய். அதில் அவருக்கு இன்றும் பெருமை. சரி, அன்றைக்கு நீ கேளாமல் விட்டதை இன்றைக்குச் சொல்கிறேன். காட்டில் சமைப்பதில் சோறும் கறியும் சின்ன வேலை. புகைதான் பெரிய வேலை. மேலே எந்த நேரமும் வேவு விமானம் சுற்றும். அதன் இரைச்சலை வைத்து நாங்கள் அதற்கு வண்டு என்று பெயர் வைத்திருந்தோம். மரங்களுக்கு மேலே ஒரு முழம் புகை எழும்பினாலும் வண்டு கண்டுவிடும். வண்டு கண்டால் பின்னால் குண்டு போடுகிற விமானம் வரும். அதனால் அடுப்பின் பின்புறத்திலிருந்து நிலத்துக்குள்ளே வாய்க்கால்போல நீளமாக ஒரு கான் வெட்டுவோம். மேலே தகரம் வைத்து, மண் போட்டு மூடி, தூரத்துப் பற்றைகளுக்குள் கொண்டுபோய் விடுவோம். அங்கே ஈரச்சாக்கும் குழையும் போட்டிருக்கும். புகை அந்த வழியெல்லாம் ஊர்ந்து, களைத்து, வெளியே வரும்போது பனிமூட்டம்போல நிலத்தோடு படிந்துவிடும். நன்றாகக் காய்ந்த பாலை விறகு கிடைத்தால் பிரச்சினை இல்லை. விடிகாலைப் புகார் மூட்டத்துக்குள் சமைத்து முடித்தால் இன்னும் நல்லது. நாட்டுக்கு நாடு மனிதர் எதையெதையோ பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். நாங்கள் மூடுபனியைக் கண்டால் சந்தோஷப்படுவோம்.

புகைக்குப் பொறுப்பு செவ்வந்தி. அது இயக்கத்தில் வைத்த பெயர். என் வயதுதான். ஒல்லி, பெரிய வாய், எதற்கும் சிரிப்பாள். காலையில் எழும்பியதும் என்னைப் போலப் பானையைப் பார்க்கமாட்டாள், முதலில் வானத்தைப் பார்ப்பாள். கான் எங்கேயாவது வெடித்துப் புகை கசிந்தால் ஓடிப்போய் மண்ணால் மெழுகுவாள். கையெல்லாம் கரி, முகமெல்லாம் கரி, அதற்கு நடுவில் பல் மட்டும் வெள்ளை. நாங்கள் சமைத்ததைப் பார்சல் கட்டி உழவு இயந்திரத்தில் முன்னரங்குக்கு அனுப்புவோம். தேங்காய் இருந்தால் சம்பல், இல்லாவிட்டால் பருப்பும் சோயாமீற்றும், அதுவும் இல்லாவிட்டால் பூசணிக்காய். பூசணிக்காயை நான் இந்த நாட்டில் ஏன் வாங்குவதில்லை என்று நீ கேட்டிருக்கிறாய். இப்போது விளங்கியிருக்கும்.

ஒரு மாரிநாள். விறகெல்லாம் ஈரம், கானுக்குள் சேறு இறங்கி அடைத்துவிட்டது. சோறு அரை அவியல் ஆகும்போது வண்டின் இரைச்சல் கேட்டது. அடுப்பை உடனே அணைக்க வேண்டும். வாளியில் தண்ணீர் இல்லை, கிணறு தூரம். செவ்வந்தி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நான் சோற்றுக் கிடாரத்தை இழுத்து இறக்க, அவள் பக்கத்தில் இருந்த பருப்புக் கிடாரத்தைச் சரித்து, கொதிக்கக் கொதிக்க முழுப் பருப்பையும் அடுப்புக்குள் ஊற்றிவிட்டாள். மேலே ஈரச்சாக்கைப் போட்டு, அதன்மேல் நாங்கள் இரண்டு பேரும் படுத்துக்கிடந்தோம். வண்டு சுற்றிச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. எழும்பிப் பார்த்தால் பருப்பு இல்லை, சோறு அவியவில்லை, எங்கள் உடம்பெல்லாம் மஞ்சள். அந்த அரை அவியல் சோற்றைச் சீனி போட்டுப் பார்சல் கட்டி அனுப்பினோம். எனக்கு அவமானமாக இருந்தது. பின்னேரம் உழவு இயந்திரம் ஓட்டுகிற அண்ணை திரும்பி வந்தார். முன்னுக்கு நிற்கிறவை சொல்லிவிட்டவை, சண்டை லேசாம், இந்தச் சோத்தைக் கடிக்கிறதுதான் கஷ்டமாம் என்றார். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். தம்பி, அந்தக் காலத்தை நினைத்தால் எனக்குக் குண்டுச் சத்தம் முதலில் நினைவு வருவதில்லை. அந்தச் சிரிப்புத்தான் வருகிறது. அந்த நாட்கள் திரும்பி வரக்கூடாது என்று கும்பிடுகிறேன். ஆனாலும் அந்த அடுப்படியில் அவளோடு இன்னொருதரம் உட்கார மாட்டேனா என்றும் இருக்கிறது. இரண்டும் உண்மைதான்.

அன்றைக்குச் சிரித்து முடித்த பிறகு, சாம்பலுக்குள்ளிருந்து பருப்பைச் சுரண்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "எல்லாம் முடிஞ்சாப் பிறகு நட்டநடு வெளியில அடுப்பு மூட்டவேணும். ஈர விறகாப் பாத்து வைக்கவேணும். புகை நேர மேல போகவேணும். அதைப் பாத்திட்டு ஊரே சாப்பிட வரவேணும்." நான் அவளுக்கும் பாப்பம் என்றுதான் சொன்னேன்.

அடுத்த வருசம் அவளை முன்னரங்குக்கு எடுத்தார்கள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். போட்டு வாறன், அடுப்பைப் பார் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கட்டி அனுப்பிய பார்சல்களில் எதையாவது அவள் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு சமைத்தேன். பிறகு செய்தி வந்தது. உடல் வரவில்லை. எங்களுக்குள் சொந்தப் பெயரும் ஊரும் கேட்கிற வழக்கம் இல்லை. அதனால் சமாதானக் காலத்தில் நான் விலகி வந்த பிறகும், அவளுடைய அம்மாவைத் தேடிப்போய், உங்கள் மகள் பருப்பை ஊற்றி எங்களைக் காப்பாற்றினாள் என்று சொல்ல முடியவில்லை. யார் மகள் என்றே எனக்குத் தெரியாது. போரைப் பற்றி உனக்குப் பெருமையாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் சோறு கட்டிக் கொடுத்த பிள்ளைகள் பலர் திரும்பவில்லை. அந்தப் பக்கத்திலும் யாரோ சோறு கட்டிக் கொடுத்திருப்பார்கள், அந்தப் பிள்ளைகளும் திரும்பியிருக்கமாட்டார்கள்.

அப்பாவைக் கலியாணம் கட்டி இந்த ஊஸ்டருக்கு வந்து இறங்கிய முதல் கார்த்திகை மாதம், ஏரிப் பக்கமிருந்து புகார் எழும்பி ஊரையே மூடியிருந்தது. எல்லோரும் வெயில் இல்லையே என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நான் மட்டும், ஆகா, நாள் முழுக்கச் சமைக்கலாமே என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. புத்திக்கு உறைத்தது, கைக்கு உறைக்கவில்லை. இந்த நாட்டில் குளிரோ பனியோ, நேரத்துக்கு யன்னலைத் திறந்து லூஃப்டன் செய்து, வீட்டுக்குக் காற்றுக் காட்டாவிட்டால் பெரிய குற்றம். நானோ அடுப்பை மூட்டினால் முதலில் யன்னலைத்தான் பூட்டுவேன். மீன் பொரித்தாலும் பூட்டு, மிளகாய் வறுத்தாலும் பூட்டு. நீயும் அப்பாவும் இருமி இருமிச் சாப்பிடுவீர்கள். உங்கட அம்மா புகையையும் கறியில போடுறா என்று அப்பா பகிடி பண்ணுவார். அவர் ஏன் என்று கேட்டதில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை.

நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்வார்ட் வந்து நின்றது நினைவிருக்கிறதா? குசினிச் சுவர் முழுக்கப் பூஞ்சணம். அவர் சுவரைத் தொட்டுக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாய், சமைக்கும்போது யன்னலைத் திறக்கட்டாம் என்று. எனக்கு என்ன வந்ததோ, புகை வெளியில போகப்படாது எண்டு சொல்லு என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். அவர் முகத்தைப் பார்த்தாய். பிறகு அவர் மொழியில் ஏதோ சொன்னாய். அவருடைய கோபம் அப்படியே வடிந்துவிட்டது. போய்க் கருவிப்பெட்டியோடு திரும்பி வந்து, எங்கள் ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் வியர்த்துக்கொண்டிருந்தோம். நீ அவரிடம் சொன்னது, என் அம்மா சூடான நாட்டிலிருந்து வந்தவ, அவவுக்குக் குளிருக்குப் பயம் என்று. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு நீயே சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஏழு எட்டு வயதுப் பிள்ளை, அம்மாவுக்கு ஏதோ ஒரு பயம் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்து, அதற்கு மரியாதையான ஒரு காரணத்தையும் தேடிக் கொடுத்திருக்கிறதே என்று எனக்கு அழுகைதான் வந்தது.

இப்போது உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய இடம். தாய்மார் இதையும் விட்டால் வேறு எங்கே சொல்வது. உன்னோடு நிற்கிற பொடியன்கள் அகப்பைக்காரன் என்று சிரித்தால் சிரிக்கட்டும், பசித்ததும் உன்னிடம்தான் வரவேண்டும். உன் அடுப்படிக்குப் பிந்தி வருகிறவனுக்கு ஒரு தட்டை மூடி வை. ஏன் பிந்தினாய் என்பதை அவன் சாப்பிட்ட பிறகு கேள். எல்லோரும் சாப்பிடும்போது தட்டைக் கிண்டிக்கொண்டு இருக்கிறவனைக் கவனி. அவனுக்கு உப்புப் பிரச்சினை இல்லை, வேறு ஏதோ பிரச்சினை. நீயும் இருந்து சாப்பிடு. நாங்கள் ஒருநாளும் இருந்து சாப்பிடவில்லை, அது வீரம் இல்லை, வெறும் பழக்கம். உன் ஆமி ஒருநாளும் சண்டைக்குப் போகாமலே கிழடாகட்டும். அப்படி ஒரு ஆமிக்கு என் மகன் சமைக்கிறான் என்று சின்னம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் முழுதாக நம்பவில்லை.

புகை நேர மேலே போனது என்று நீ சொன்னபோது நான் ஏன் போனை வைத்தேன் என்று இனி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதலில் பயந்துதான் வைத்தேன். என் காது தன்பாட்டில் வண்டின் இரைச்சலைத் தேடியது. பிள்ளை வெளியில் நிற்கிறான், மேலே புகை நிற்கிறது என்பது மட்டும்தான் தலைக்குள் நின்றது. கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் நீ சொன்ன மற்றது காதில் விழுந்தது. ஊர்ச்சனம் எல்லாம் வந்ததென்றாய். ஒரு வயதான மனிசி கோப்பையோடு வந்தா என்றாய். புகையைப் பார்த்து யாரும் ஓடவில்லை, சாப்பிட வந்தார்கள். செவ்வந்தி கேட்டது இவ்வளவுதான். அவளை அறியாத நீ, அவள் அறியாத ஒரு நாட்டில், ஒரு வார்த்தை பிசகாமல் அதைச் செய்துவிட்டு, எனக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறாய்.

உனக்குக் கொண்டுவரப்போகிற வடையை இன்றைக்கு ஒருதரம் சுட்டுப் பார்த்தேன். பொரிச்சட்டியை வைத்துவிட்டு, யன்னலைத் திறந்தேன். அப்பா சாப்பாட்டு மேசையிலிருந்து என்னைப் பார்த்தார், எழும்பி வந்து மற்ற யன்னலையும் திறந்துவிட்டார். புகை வெளியே போனது. நான் வானத்தைப் பார்த்தேன், பழக்கதோஷம். வானத்தில் ஒன்றும் இல்லை. வெளியே நல்ல குளிர்தான், உன் ஹவுஸ்வார்ட் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன பாப்பத்தைத் திருப்பி எடுக்கிறேன். சனிக்கிழமை நானும் அப்பாவும் வாறம். நாங்கள் வந்து சேரமுன் அடுப்பை மூட்டிவிடாதே. அந்த வயலில் நான் உனக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். விறகு கொஞ்சம் ஈரமாகவே இருக்கட்டும்.

அம்மா